எல்லர்ஸ்பாக் மக்கள் ஒன்றியம், கனடா

ரொறொன்ரோவில் எங்கள் ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு ஊர்ச் சங்கம் தொடங்குவார்கள். ஐந்தாவது ஆள் வந்ததும் அது இரண்டாக உடையும். இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் யாழ்ப்பாணத்திலும் இல்லாத, இலங்கையிலேயே இல்லாத, யேர்மனியில் ஒரு காட்டோரத்தில் கிடக்கிற ஊருக்கு ஸ்கார்பரோவில் சங்கம் வைத்த ஒரே மனிதர் என் வீட்டுக்காரர்தான். பெயர் இராசரத்தினம். சங்கத்தின் பெயர் எல்லர்ஸ்பாக் மக்கள் ஒன்றியம், கனடா. தலைவர் இவர். செயலாளரும் பொருளாளரும் றெமிஜியஸ். மற்றப் பதவிகளுக்கு ஆள் போதாது.

நான் பகிடிக்குச் சொல்லவில்லை. சங்கத்துக்கு யாப்பு என்று சட்டதிட்டப் புத்தகம் இருக்கிறது, பதாகை இருக்கிறது, பேஸ்புக் பக்கம்கூட இருக்கிறது. எண்பதுகளின் நடுவில் கிழக்கு பேர்லின் வழியாக யேர்மனிக்குள் நுழைந்த எங்கள் பெடியன்களில் ஒரு கூட்டத்தை அந்த நாட்டுக்காரர் எல்லர்ஸ்பாக்கில் கொண்டுபோய் இருத்தினார்கள். அந்த ஊரின் நடுவே துறவிகளின் பழைய மடம் ஒன்று. அதில் விருந்தினர் விடுதி மட்டும் இடியாமல் நின்றதாம். அங்கேதான் இவர்களுக்குக் கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். காலப்போக்கில் அதில் அரைவாசிப் பேர் கனடாவுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தப் பத்துப் பன்னிரண்டு குடும்பம்தான் ஒன்றியம்.

ஒவ்வொரு கோடையிலும் தொம்சன் பார்க்கில் ஒன்றுகூடல் நடக்கும். மற்ற ஊர்க்காரர் செய்கிற எல்லாவற்றையும் இவர்களும் செய்வார்கள். மங்கள விளக்கேற்றல், தேசிக்காய் ஓட்டம், சங்கீதக் கதிரை, கயிறிழுத்தல், அடுப்பு மூட்டிக் கொத்துரொட்டி. ஒன்றே ஒன்றில்தான் வித்தியாசம். இறந்தவர்களுக்கான அகவணக்கத்தின்போது றெமிஜியஸ் ஒலிவாங்கியைப் பிடித்து, "எமது ஊரை நிறுவிய பன்னிரு துறவியருக்காகவும் ஒரு நிமிடம்" என்று சொல்லுவார். பக்கத்து மரத்தடியில் வேறொரு ஊர்க்காரரின் ஒன்றுகூடல் நடக்கும். அவர்கள் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் சிரிப்பார்கள். நான் என்ன செய்ய? கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன்.

இவரின் பிறந்த ஊர் யாழ்ப்பாணத்தில் வசாவிளான். செம்பாட்டு மண், வாழைத்தோட்டம் என்று வாயில் தண்ணீர் ஊறச் சொல்லுவார்கள். தொண்ணூறில் ராணுவம் வந்து வேலி போட்ட பிறகு அங்கே யாரும் போக முடியாமல் போயிற்று. அப்போது இவர் யேர்மனியில். எனக்குக் கொக்குவில். தொண்ணூறுச் சண்டைக்கு முன்பே நான் கொழும்புக்கு ஓடி, கொழும்பிலிருந்து அண்ணனிடம் ரொறொன்ரோவுக்கு வந்துவிட்டேன்.

கலியாணப் பேச்சைக் கொண்டுவந்தவ சின்னம்மா. "நல்ல பெடியன், ஆனா பாவம், யேர்மனியில ஒரு மடத்தில கிடக்கிறான்" என்றா. எங்களுக்கு மடத்தில் கிடப்பவர் என்றால் வீடு வாசல் இல்லாதவர், இல்லாவிட்டால் நாளைக்குக் காவி கட்டப் போகிறவர். எனக்கு மனம் இளகிவிட்டது. முதல் தரம் தொலைபேசியில் கதைத்தபோது அவர் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

"ஒண்டு சொல்லிப்போடுறன். நான் இனி இன்னொரு நாட்டுக்கு வரமாட்டன். கொக்குவிலில இருந்து கொழும்பு, கொழும்பில இருந்து இஞ்சை. இனியும் பெட்டி தூக்க என்னால ஏலாது."

மறுபக்கத்தில் கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது.

"சரி, அப்ப நான் வாறன்" என்றார். ஏதோ பக்கத்துத் தெருவிலிருந்து வருகிற மாதிரி.

நான்தான் ஸ்பொன்சர் செய்து எடுத்தேன். விமான நிலையத்தில் ஒரு தோள்பையோடு மெலிந்துபோய் வந்து நின்றார். அன்றிலிருந்து, கலியாண வீடு, சாமத்தியவீடு, செத்தவீடு என்று எங்கே போனாலும், "இவரை மடத்திலயிருந்து மீட்டெடுத்தவள் நான்தான்" என்று சொல்லி வந்திருக்கிறேன். இவர் மறுத்து ஒரு சொல் சொன்னதில்லை. ஓம் என்று தலையாட்டிவிட்டு வடையைக் கடித்துக்கொண்டு நிற்பார்.

இங்கே வந்து கோப்பை கழுவினார், பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் நின்றார், கடைசியில் பள்ளிக்கூட பஸ் ஓட்டத் தொடங்கினார். அது இவருக்குப் பொருந்திய வேலை. வோபர்னில் ஒரு சின்ன வீடு வாங்கினோம். அட்சயா பிறந்தாள், வளர்ந்தாள், இப்போது மார்க்கம் நகரில் ஒரு கம்பனியில் இருக்கிறாள். சண்டை சச்சரவு இல்லாத மனிதர். சம்பளக் கவரைக் கொண்டுவந்து கையில் தருகிறவர். கறிக்கு உப்புக் கூடினாலும் குறைந்தாலும் சாப்பிட்டுவிட்டு எழும்புகிறவர். குறை சொல்ல ஒன்றுமில்லாத புருஷனோடு வாழ்வதும் லேசான வேலையில்லை என்று சிலவேளை தோன்றும்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு குளம் வெட்டினார். குளம் என்று அவர் சொல்லுவார், பெரிய அண்டா அளவுதான். அதில் கெண்டை வகை மீன்களை விட்டார். முதல் கோடையிலேயே றக்கூன், இந்த நாட்டு மரநாய் மாதிரி ஒன்று, குடும்பத்தோடு வந்து விருந்துண்டு போயிற்று. இவர் வலை போட்டார், றக்கூன் வலையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட்டது. இன்றைக்கும் போர் நடக்கிறது. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் தண்ணீரை இறைத்து, முழங்கால் சேற்றில் இறங்கி, சுத்தம் பண்ணி, திரும்ப நிரப்புவார். பக்கத்து வீட்டு லெஸ்லி வேலிக்கு மேலால் பார்த்து, இந்த வருடம் யார் வென்றது என்று கேட்பான்.

இனி ஊரின் வரலாறு. ஒன்றுகூடலில் கொத்துரொட்டிக்கு முன்பு இவர் அதைச் சொல்லியே தீருவார். பசியோடு கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம்.

ஆதியில் அது சேற்று நிலம். விதைத்தால் முளைக்காது, மாடு போனால் புதையும். அதற்கு உடைமைக்காரனான ஒரு சீமான், தனக்கு உதவாத நிலத்தைத் தருமம் செய்தால் புண்ணியமாவது கிடைக்கட்டும் என்று துறவிகளுக்கு எழுதிக் கொடுத்தான். தூரத்து மடம் ஒன்றிலிருந்து பன்னிரண்டு துறவிகளும் அவர்களுக்கு ஒரு தலைவரும் நடந்தே வந்தார்கள். அவர்களுக்கு இறைச்சி ஆகாது. ஆகவே சேற்றை வெட்டிக் குளங்களாக்கி மீன் வளர்த்தார்கள். குளத்தில் வேலை செய்ய வந்தவர்கள் குடில் போட்டார்கள், குடில்கள் ஊராயின. நீண்ட யுத்தம் ஒன்றில் மடம் எரிந்தது. திரும்பக் கட்டினார்கள். நெப்போலியன் காலத்தில் அரசாங்கம் மடங்களையெல்லாம் கலைத்துவிட, ஊர்ச்சனம் மடத்துக் கல்லைப் பெயர்த்துக்கொண்டுபோய் வீடு கட்டியது. இன்றைக்கும் அங்கே மாட்டுக் கொட்டில் சுவரில் கோயில் தூணின் துண்டு இருக்கிறதாம். மிஞ்சிய விருந்தினர் விடுதி தானியக் களஞ்சியமாகி, பள்ளிக்கூடமாகி, உலக யுத்தம் முடியக் கிழக்கிலிருந்து துரத்தப்பட்ட யேர்மன்காரருக்கே அகதி முகாமாகி, கடைசியில் எங்கள் பெடியன்களுக்கு வந்து சேர்ந்தது.

"அந்தக் கட்டடம் வந்த ஒருத்தரையும் வாசலில நிப்பாட்டி வைச்சதில்லை" என்று சொல்லிவிட்டு ஒருமுறை எல்லாரையும் பார்ப்பார். அதில் மட்டும் நானும் சிரிப்பதில்லை.

சிரிப்பு வருகிற இடம் வேறு. மடம் கட்ட இடம் தெரிந்தது எப்படி? துறவிகளோடு வந்த பசு ஒன்று மேடு ஒன்றில் போய் நின்று தானாகவே பால் சொரிந்ததாம். முதல் தரம் கேட்டபோதே எனக்கு எங்கேயோ இடித்தது. எங்கள் பக்கத்தில் பாதிக் கோயில்களுக்கு இடம் காட்டியது இதே பசுதான்.

"வெள்ளைக்காரச் சாமிமாருக்கும் அது போய்ப் பால் சொரிஞ்சதாமோ?" என்று கேட்டேன்.

"பசுவுக்கு ஊர் பேர் தெரியுமோ?" என்றார்.

இப்படித் தொளாயிரம் வருடத்தை ஒப்புவிக்கிற மனிதர், தான் அங்கே இருந்த ஏழு வருடத்தைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. என்ன செய்தீர்கள் என்று கேட்டால், "வேலை செய்ய விடமாட்டாங்கள். சும்மா இருந்தனாங்கள்" என்பார். ஏழு வருடமும் சும்மாவா என்றால், "குளம் இருந்தது, காடு இருந்தது" என்பார். அதற்கு மேல் கேட்டால் பஸ்ஸுக்கு எண்ணெய் அடிக்கப் போய்விடுவார். துறவிகள் என்ன சாப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். என் புருஷன் என்ன சாப்பிட்டார், யாரோடு சிரித்தார், ஏன் அந்த ஊரை இத்தனை வருடம் நெஞ்சில் கட்டிக்கொண்டு திரிகிறார் என்று தெரியாது. ஒரு பெண்சாதிக்கு வேறு என்னதான் தோன்றும்? அங்கே யாரோ ஒருத்தி இருந்திருக்கிறாள் என்றுதான் தோன்றும். அந்த ஊரையே என் சக்களத்தி என்று பகிடியாகச் சொல்லத் தொடங்கினேன். அது முழுக்கப் பகிடி என்று சொல்லமாட்டேன்.

ஒருக்கால் போய்ப் பார்த்துவிட்டு வருவோமா என்று இவர் மூன்று நாலு தடவை கேட்டிருக்கிறார். ஒரு தரம் திருவண்ணாமலை, ஒரு தரம் பாரிஸில் தங்கச்சி மகளின் கலியாணம் என்று நான் எதையாவது குறுக்கே போட்டுவிடுவேன். இவரும் விட்டுவிடுவார். ஆனால் எனக்கு மனதில் ஒரு முள் கிடந்தது. சாவதற்கு முன் இந்த மனிதர் தன் கதையை எனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

இந்த வருடம் ஆனி மாதம் றெமிஜியஸ் மூச்சு வாங்க வீட்டுக்கு வந்தார். பேஸ்புக் பக்கத்துக்கு ஒரு செய்தி வந்திருக்கிறதாம். அனுப்பியவர் ஹனலோர என்று எல்லர்ஸ்பாக்கில் ஒரு மனுசி, ஊருக்குத் தபால் கொண்டு திரிந்து ஓய்வு பெற்றவர். செப்டெம்பரில் ஊரின் தொளாயிரமாவது ஆண்டு விழா. அதற்கு ஊர் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்கள். தேடிக்கொண்டு போனபோது கனடாவில் தங்கள் ஊருக்குச் சங்கம் இருப்பதைக் கண்டு, ஊரே ஒரு கிழமை சிரித்ததாம். இப்போது இங்கே கிச்சனர் நகரில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறார், ஒன்றுகூடலுக்கு வரலாமா என்று கேட்டிருந்தார்.

ஹனலோர என்ற பெயரைக் கேட்டதும் இவர் கையிலிருந்த தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுப் பின்வளவுக்குப் போனார். குளத்தருகே வெகுநேரம் நின்றார். வேறென்ன வேண்டும்? முடிந்தது கதை, இவள்தான் அவள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றுகூடலுக்குக் காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு போனேன். அட்சயா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அம்மா, இற்ஸ் எ பார்க். புல்லில இருக்கப் போறம்."

"நான் கதிரையில இருப்பன்" என்றேன்.

மத்தியானம் போல் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவருக்கு எண்பதுக்குக் கிட்ட இருக்கும். நல்ல உயரம், கையில் ஊன்றுதடி, முதுகில் பை, காலில் மலை ஏறுகிற சப்பாத்து. முழங்கால் நோவென்று மாடிப்படி ஏறாத என் புருஷன் ஓடினார். கட்டிப்பிடிக்கவில்லை. கை கொடுத்தார்கள், ஆனால் கையை எடுக்க இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது. வயதைப் பார்த்து எனக்குப் பாதிப் பயம் தெளிந்தது. மீதிப் பாதி அந்தக் கையைப் பார்த்துத் திரும்ப வந்தது.

றெமிஜியஸ் விடுவாரா? பிரதம விருந்தினர் என்று பொன்னாடை போர்த்தினார். விளக்கேற்ற வைத்தார். துறவியருக்கு அகவணக்கம் என்று யேர்மனிலும் சொன்னார். அந்த மனுசி திடுக்கிட்டுச் சுற்றிப் பார்த்தார். சேலையும் வேட்டியுமாக ஐம்பது பேர் தன் ஊர்ச் சாமிமாருக்குத் தலை குனிந்து நிற்பதைக் கண்டதும் தடியைப் பக்கத்தில் சாத்திவிட்டுத் தானும் குனிந்தார்.

பிறகு இவரின் வரலாற்றுரை. இவர் தமிழில் சொல்ல, றெமிஜியஸ் யேர்மனில் பெயர்த்தார். ஹனலோர கேட்டுத் தலையாட்டிக்கொண்டே வந்தார். பசு வந்ததும் கையை உயர்த்தினார். எந்தப் பசு என்று கேட்டார்.

இவர் விளங்கப்படுத்தினார். அப்படி ஒரு பசு எங்கள் ஊரிலேயே கிடையாது என்றார் அந்த மனுசி. சீமானின் கணக்கப்பிள்ளை ஒருவர், பாதைக்குக் கிட்டவாக இருக்கட்டும் என்று குறித்துக் கொடுத்த இடமாம் அது. அதுதான் வரலாறாம். இவரின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. அந்த நாளில் யாரோ இவருக்குக் கதை சொல்லியிருக்கிறார்கள். இவருக்கு அப்போது யேர்மன் அரைவாசிதான் தெரியும். மிச்ச அரைவாசியை வசாவிளானிலிருந்து எடுத்துப் போட்டு நிரப்பியிருக்கிறார். இத்தனை வருடமாகப் பகிடி பண்ணிய எனக்கு, அந்த நேரம் அந்தப் பசுவுக்காக எழும்பிச் சண்டை பிடிக்கலாம் போல இருந்தது. ஹனலோர சிரித்துக்கொண்டு வேறு என்னவோ சொன்னார். றெமிஜியஸ் கத்தினார்.

"கணக்கப்பிள்ளையை விடப் பசு நல்லாயிருக்காம்! கனடாவில வாழுற எல்லர்ஸ்பாக் மக்களின்ரை ஐதீகம் எண்டு புத்தகத்தில போடப் போறாவாம்!"

கைதட்டல் நிற்க வெகுநேரமாயிற்று. பக்கத்து மரத்தடிக்காரரும் என்னவென்று தெரியாமல் தட்டினார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு இவரும் ஹனலோரவும் ஒரு மர வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து கதைத்தார்கள். எல்லாம் யேர்மன். இவர் அப்படிச் சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. கையால் காற்றில் மதகு திறந்து காட்டினார், மீன் துள்ளிக் காட்டினார், பிறகு கண்ணைத் துடைத்தார். முப்பது வருடமாக நான் கேட்டுக் கிடைக்காத கதையை இன்னொருத்திக்கு, எனக்கு விளங்காத பாஷையில் சொல்லிக்கொண்டிருக்கிறார். கையில் றோல்ஸ் தட்டோடு நான் மரம் மாதிரி நின்றேன்.

"றெமிஜியஸ், என்னவாம்?" என்று கேட்டேன்.

"பழங்கதை அக்கா. குளம், கிழவன்..."

"எந்தக் கிழவன்?"

"ஐயோ, ரொட்டி கருகுது" என்று அவர் அடுப்படிக்கு ஓடினார்.

கயிறிழுத்தலுக்கு ஆள் குறைகிறதென்று இவரைக் கூப்பிட்டார்கள். இவர் எழும்பிப் போக, ஹனலோர தடியை ஊன்றிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். அவருக்கும் ஆங்கிலம் தட்டித் தட்டித்தான் வரும். எனக்கும் அப்படித்தான். அதனால் ஒருவரையொருவர் நன்றாக விளங்கிக்கொண்டோம்.

"உங்களைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை" என்றார். "எங்கள் ஊரிலிருந்து அவனைக் கொண்டுபோனவர் நீங்கள்தானே?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "ஓம், நான்தான் ஸ்பொன்சர் செய்தேன். பாவம், மடத்தில் கிடந்தார்" என்றேன்.

"மடத்திலா?" அந்த மனுசி என்னை வியப்போடு பார்த்தார். "கடைசி மூன்று வருடம் அவன் மடத்தில் இல்லையே. குளத்து வீட்டில் அல்லவா இருந்தான், என் மாமாவோடு."

பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மடத்துக் குளங்களைப் பார்த்து வந்தவர் அவருடைய மாமா, றொய்ட்டர் என்று பெயர். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் மதகைத் திறந்து தண்ணீரை வடியவிட்டு மீன் பிடித்து, சேறு வாரித் திரும்ப நிரப்ப வேண்டும். துறவிகள் காலத்து முறை. ஒரு வருடம் கிழவருக்கு இடுப்புப் பிடித்துவிட்டது. உதவிக்கு ஆளில்லை. அகதிப் பெடியன்களுக்கு வேலை செய்ய அனுமதியில்லை, ஊர்ச்சனமும் அவர்களோடு பேசுவதில்லை. அப்போது என் புருஷன் யாரும் கூப்பிடாமல் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கியிருக்கிறார். கிழவர் தடுத்திருக்கிறார், சம்பளம் தர முடியாது, சட்டமில்லை என்று. எங்கள் ஊரில் கிணறு குளம் இறைக்கிற நாளில் யாரும் வீட்டுக்குள் இருக்கமாட்டார்கள், கூலியும் கேட்கமாட்டார்கள் என்று சொல்லிவிட்டு இவர் வேலையைப் பார்த்தாராம். மறுநாள் விடுதி முழுவதும் வந்து இறங்கியது. எல்லர்ஸ்பாக் சனம் சன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தது. மூன்றாம் நாள் ஒரு கிழவி பெரிய சட்டி நிறையச் சூப்போடு குளத்தடிக்கு வந்தாள். அதன் பிறகு ஊர் அவர்களோடு பேசத் தொடங்கியது.

"அகதி அனுமதி கிடைத்ததும் மாமா அவனைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டார். மாமாவுக்குப் பிள்ளையில்லை. குளங்களையும் வீட்டையும் அவனுக்கே கொடுக்க நினைத்தார். ஊர்ச்சபை கூடிச் சம்மதித்தது. எங்கள் ஊரில் எல்லாரும் ஒரு விஷயத்துக்குக் கை உயர்த்தியதை நான் அன்றைக்கு மட்டும்தான் கண்டேன்" என்றார் ஹனலோர. "எழுதிக் கொடுக்க நாள் குறித்தாயிற்று. அந்த நேரம் அவன் வந்து, நான் கனடாவுக்குப் போகிறேன் என்றான். அங்கே ஒரு பெண் இருக்கிறாள், அவளால் இனி இடம்பெயர ஏலாது என்றான்."

றோல்ஸ் தட்டை வாங்கில் வைத்துவிட்டுக் கேட்டேன். "மாமா கோபித்தாரா?"

"இல்லை. பெண்ணுக்காகப் போகிறான், சரியான காரணம், இது மடத்துச் சாமிமாருக்குத்தான் விளங்காது என்றார். ஆனால் மேல் அறையை நாலைந்து வருடம் ஒருவருக்கும் கொடுக்கவில்லை."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனிதர் அங்கே கயிற்றின் கடைசியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. நான் மீட்டெடுத்தேன் என்று எத்தனை சபையில் சொல்லியிருப்பேன்! வீடும் குளமும் ஒரு ஊர்ச் சம்மதமும் கையில் இருந்த மனிதரைப் பற்றி, அவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு! அவர் வடையைக் கடித்துக்கொண்டு நின்றாரே!

வீட்டுக்குப் போகிற வழியில், மார்க்கம் வீதியில், சிவப்பு விளக்கில் கார் நின்றபோது கேட்டேன்.

"குளத்து வீடு எண்டு ஒண்டு இருந்ததாமே?"

"ஹனலோர சொல்லிப்போட்டாவோ?" என்றார். பார்வை வீதியில்தான்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லி என்ன செய்யிறது?"

"அண்டைக்கு ரெலிபோனிலயாவது கேட்டிருக்கலாமே. எனக்கு இஞ்சை வீடு இருக்கு, குளம் இருக்கு, நீர் வாரும் எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே."

பச்சை விழுந்தது. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். இவர் காரை எடுத்தார்.

"கேட்டிருந்தா நீர் வந்திருப்பீர்" என்றார். "அதுதான் கேக்கேல்லை."

உண்மைதான். வந்திருப்பேன். அழுதுகொண்டாவது பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். போய் அந்தக் குளத்தங்கரையில் முகத்தை நீட்டிக்கொண்டு, பாஷை தெரியாமல், அண்ணனை நினைத்துக்கொண்டு இருந்திருப்பேன். அவருக்கு அது அன்றைக்கே, என் முகத்தைக் காணுமுன்னமே, ஒரு தொலைபேசிக் குரலிலேயே தெரிந்திருக்கிறது. காருக்குள் அழுதேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வாழ்க்கையில் யாரும் எனக்காக எதையும் விட்டதில்லை என்று நான் நினைத்திருந்தேன்.

"பிறகேன் இந்தச் சங்கமும் பதாகையும்?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டேன்.

"ஊரைத்தானே விட்டனான். கதையையும் விடவேணுமோ?" என்றார்.

செப்டெம்பர் விழாவுக்கு இரண்டு பேருக்கும் அட்சயா ரிக்கற் போட்டுவிட்டாள். போகிற கிழமைக்கு முதல் கிழமை மார்க்கத்தில் ஒரு கலியாணம். மண்டபத்தில் என் பக்கத்துக் கதிரையில் நீர்வேலி ஊர்க்கார அன்ரி ஒருவர். எங்கள் ஆட்கள் அறிமுகமானால் முதலில் கேட்பதையே அவவும் கேட்டா.

"பிள்ளை எந்த ஊர்?"

"பிறந்தது கொக்குவில், அன்ரி. வாழ்க்கைப்பட்டது எல்லர்ஸ்பாக்."

"அதெங்கை? வன்னிப் பக்கமோ?"

"இல்லை, யேர்மனியில."

அன்ரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னை நன்றாகப் பார்த்தா. "அங்கை உங்களுக்குக் காணி பூமி இருக்கோ?"

"இருந்தது அன்ரி. ஒரு வீடும் குளங்களும். நான் அங்கை வரமாட்டன் எண்டதுக்காக எல்லாத்தையும் விட்டிட்டு இஞ்சை வந்தவர் இவர். அதுதான் எனக்கு இவர் தந்த சீதனம்."

அன்ரி சபையைச் சுற்றிப் பார்த்து, பலகாரத் தட்டோடு நின்ற என் புருஷனைக் கண்டுபிடித்து, கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தா.

"ஆம்பிளையள் சீதனம் குடுக்கிற ஊரோ?" என்றா. "நல்ல ஊர்தான்."